சித்தப்பா பேசாத நாளில்லை

என் சித்தப்பாவின் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு ஒன்றரை நாள் ஆகும்வரை அது ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒன்றரை நாளில் அவர் பதினைந்து பேருக்கு முடி வெட்டினார். பதினைந்து பேரிடமும் வழக்கம்போல் வாய் ஓயாமல் பேசினார். பேசியதில் ஒரு வாக்கியத்துக்குக்கூட அர்த்தம் கிடையாது. பதினைந்து பேரும் "ம்" போட்டுவிட்டு, கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். எங்கள் வீட்டிலேயே பிறகு சிரித்தோம். ஆனால் நடந்ததைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தெருவில் பாதிப் பேர் அவருக்குப் பைத்தியம் பிடித்துத் தெளிந்தது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு.

சித்தப்பாவின் சலூன் பத்தடி அகலம். உள்ளே இரண்டு நாற்காலிகள். மூன்றாவது போட்டால் யாராவது ஒருவர் சுவருக்குள் நின்றுதான் வெட்ட வேண்டும். கதவை ஒட்டியிருப்பது முதல் நாற்காலி, அது சித்தப்பாவுடையது. உள்ளே தள்ளியிருப்பதில் பதினான்கு வருஷமாக வேலை செய்பவரைத் தெருவே 'ரெண்டாம் நாற்காலி' என்றுதான் கூப்பிடும். அவருக்கு நாற்பது வயது. பேசுவதற்கு இடைவெளி கிடைக்காமல் போய்ப் போய், பேசுகிற பழக்கமே விட்டுப்போனவர்.

ஏனென்றால் பேசுவதை எல்லாம் சித்தப்பா பேசிவிடுவார். சாலையை எந்தப் பக்கமிருந்து தோண்டியிருக்க வேண்டும், உலகப் போர் வந்தால் முதலில் எந்த நாடு கையைத் தூக்கும், கோபக்காரனுக்கு ஏன் பிடரியில் முடி வேகமாக வளர்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தவர் ஏதாவது கேட்டால்தான் பிரச்சினை. "சைடுல கொஞ்சம் கம்மியா" என்றாலும் "சைடை விட்டுடுங்க" என்றாலும் அவர் வெட்டுவது ஒரே வெட்டுதான். எங்கள் தெரு ஆண்களைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும்.

சித்தி குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவர். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, குழாய் உடைந்து வாசலில் குளம் கட்டிவிட்டது என்று ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர் காதுக்குள் கத்துவார்கள். ஒவ்வொருவரிடமும் "நீங்க சொன்னது இதுதானே" என்று திருப்பிச் சொல்லி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சித்தி காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். சித்தப்பா என்ன சொன்னாலும் "சரி சரி". அதனால் அந்த முதல் நாள் சாயங்காலமும் சித்தி "சரி சரி" என்றுதான் சொல்லியிருக்கிறார். இதை நினைத்து அவர் பிற்பாடு அழுதார். அப்போதும் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்.

கண்டுபிடித்தவர் பதினாறாவது ஆள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்ய வெளியூரிலிருந்து வந்தவர், கடைக்குப் புதுசு. சித்தப்பாவின் பேச்சைக் காதில் வாங்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. மரியாதைக்குக் கவனித்துக் கேட்டிருக்கிறார். சித்தப்பா கத்தரியை ஆட்டி ஆட்டி, "அந்தப் பாலம் நேத்து கதவை ஊத்திட்டான், நான் என்ன சொன்னேன், முட்டிக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கொலுப்பானைக் கேக்கணும்ல?" என்று நியாயம் கேட்டிருக்கிறார். ஃபிரிட்ஜ்காரர் இரண்டு தடவை "என்னங்க?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் ரெண்டாம் நாற்காலி பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அண்ணே, இவரு என்ன பாஷை பேசுறாரு?"

ரெண்டாம் நாற்காலி பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் சித்தப்பா பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டவர் கையிலிருந்த மெஷினை அணைத்துவிட்டு என் அப்பாவுக்கு ஃபோன் செய்தார்.

அப்பா சித்தப்பாவுக்கு அண்ணன். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, உலகத்தில் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் தப்புச் செய்தவர்கள் என்ற முடிவுக்கு வந்தவர். கடைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகத் தம்பியின் வாயை மோந்து பார்த்தார். வாசனை இல்லை.

"டேய், என்னடா உளர்ற?"

சித்தப்பா பொறுமையாக ஒரு நீளமான விளக்கம் கொடுத்தார். ஏற்ற இறக்கம், நிறுத்தம், கைவீச்சு எல்லாம் கச்சிதம். வார்த்தைகள் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தன.

"நடிக்கிறான்" என்றார் அப்பா. பிறகு, காது கேட்காதவரிடம் பேசுவது மாதிரி, கடைக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் அதையே திருப்பிக் கேட்டார். சித்தப்பாவும் அதே சத்தத்தில் பதில் கொடுத்தார். அரை மணி நேரம் அண்ணனும் தம்பியும் கத்தினார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்தது. பைத்தியம் என்ற சொல் அந்தக் கூட்டத்தில்தான் பிறந்தது. யார் முதலில் சொன்னது என்று இப்போது கேட்டால் எல்லோரும் பக்கத்திலிருந்தவரைக் காட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவிலிருந்த டாக்டருக்கும் அதே சந்தேகம்தான். கை தூக்கினார், கால் தூக்கினார், வாய் கோணவில்லை, நன்றாக நடந்தார். பேச்சு மட்டும் அப்படி. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா பக்கத்திலிருந்தவருக்கு உலக நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் ஆர்வமாகப் பதில் சொன்னார். இருவருக்கும் நல்ல சிநேகம் ஆகிவிட்டது.

மனநல டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். நிதானமானவர்.

"கண்ணை மூடுங்க" என்றார். சித்தப்பா மூடினார். அப்பா "பாத்தீங்களா, எல்லாம் புரியுது, நடிப்பு" என்றார். டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு மேஜையில் பேனா, சாவி, கண்ணாடி மூன்றையும் வைத்தார். "பேனாவை எடுங்க." சித்தப்பா குனிந்து தன் செருப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஜன்னல்னு சொல்லுங்க." சித்தப்பா, "சன்னம் பாத்தி, அதுதான் நானும் சொல்றேன்" என்றார்.

டாக்டர் செருப்பைக் கீழே எடுத்து வைத்துவிட்டு, "கண்ணை மூடுற மாதிரி ஒண்ணு ரெண்டு மட்டும் தப்பிச்சிருக்கும். இது மனசு சம்பந்தப்பட்டது இல்ல. உடனே தலையை ஸ்கேன் எடுங்க" என்றார்.

எடுத்தார்கள். இடது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருந்தது. பக்கவாதம்தான். ஆனால் கை கால்களை விட்டுவிட்டு, காதில் விழுகிற சத்தம் வார்த்தையாக மாறுகிற இடத்தை மட்டும் அடித்திருந்தது. முதல் சில மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைத்துப் பார்த்திருக்கலாம் என்றார்கள். நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "காது கேக்குது. வாய் பேசுது. அப்புறம் என்ன கேடு?"

அதற்கு அந்த டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அங்கேதான் புரிந்தது.

"சார், உங்களை ராத்திரியோட ராத்திரியா தெரியாத ஊர்ல கொண்டு போய் விட்டுட்டாங்கன்னு வைங்க. காலைல எழுந்தா எல்லாரும் உங்களைப் பாத்து என்னமோ சொல்றாங்க. ஒரு வார்த்தை புரியல. நீங்க பேசுறது உங்களுக்குச் சரியாத்தான் கேக்குது. ஆனா அவங்க முழிக்கிறாங்க, அப்புறம் கத்துறாங்க, வாயை மோந்து பாக்குறாங்க. யாருக்குப் பைத்தியம்னு நினைப்பீங்க?"

"அவங்களுக்குத்தான்."

"உங்க தம்பியும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்காரு."

சித்தப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வைக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. அது இரக்கம். எங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் கவலையில் இருந்தார்.

அறிவு போகவில்லை, நினைவும் போகவில்லை. தெருவைத் தெரியும், ஆட்களைத் தெரியும், எந்தக் கத்தரி மொக்கை என்று தெரியும். பெயர்களும் வார்த்தைகளும்தான் இடம் மாறிப்போயின. கொஞ்சம் கொஞ்சமாக வரும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார்கள். மாத்திரை, வாரத்துக்கு மூன்று நாள் பேச்சுப் பயிற்சி.

பயிற்சி கொடுக்கும் அம்மா படம் போட்ட அட்டைகளை மேஜையில் பரப்பி, "கப் எங்க? கப்பைக் காட்டுங்க" என்று கேட்பார். சித்தப்பா முதல் வாரம் முழுக்க அதைச் சீட்டாட்டம் என்றே நினைத்தார். அட்டைகளைச் சேகரித்து, கலைத்துப் போட்டு, அந்த அம்மா, சித்தி, தான் என்று மூன்று பேருக்கும் சமமாகப் பங்கிட்டு, தன் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிராளியைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "ஆடட்டும்" என்று ஒரு கப்பை இறக்கினார். சித்தப்பா யோசித்து இன்னொரு கப்பை இறக்கினார். "வந்துட்டாரு" என்றார் அந்த அம்மா.

எங்களுக்கும் பாடம் உண்டு. கத்தாதீர்கள். சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கையால் காட்டிச் சொல்லுங்கள். புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள். சித்தி இதைத் தன் வேலை மாதிரியே எடுத்துக்கொண்டார். சித்தப்பா ஏதாவது சொன்னால், டம்ளரைத் தூக்கிக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானே?" என்பார். அவர் இல்லையென்று தலையாட்டினால் சட்டை. அதுவும் இல்லையென்றால் ஜன்னல். சரியானது கிடைக்கும்வரை புகாரை மூடமாட்டார். ஒருநாள் ஒன்பதாவது முயற்சியில், அவர் கேட்டது நகவெட்டி என்று தெரிந்தது. இருவரும் ஏதோ பரிசு விழுந்த மாதிரி சிரித்தார்கள்.

தெருவிலும் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். கோபத்தை முழுங்கினால் இப்படி ஆகும் என்றார் ஒருவர். சித்தப்பா எந்தக் காலத்தில் எதை முழுங்கினார் என்று தெரியவில்லை. தபால்காரர் சொன்னதுதான் பிரபலமானது: "ஒரு மனுஷனுக்கு மொத்தம் இவ்வளவு வார்த்தைன்னு ஒரு அளவு இருக்கு. இவரு நாப்பத்தெட்டு வயசுலயே தீத்துட்டாரு."

மூன்று மாதத்தில் "அண்ணே", "வா", "போதும்", "அட" போன்றவை சரியான இடத்தில் விழ ஆரம்பித்தன. திட்டுகிற வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் முன்னால், பழுதில்லாமல், முழு வரிசையாகத் திரும்பி வந்தன. மூளையில் அவை வேறு அறையில் இருக்குமாம். சொந்தமாகச் சொல்ல நினைக்கிற எதுவும் இன்னும் கலங்கித்தான் வந்தது.

பிரச்சினை அதுவல்ல. பிரச்சினை ஒவ்வொரு நாள் காலை ஏழு மணிக்கு வரும். சித்தப்பா குளித்து, சட்டை போட்டு, பையில் சீப்பைச் சொருகிக்கொண்டு வாசலில் நிற்பார், கடைக்குப் போக. சித்தி சாவியை ஒளித்து வைப்பார். அவர் கதவைக் காட்டுவார், சித்தி கட்டிலைக் காட்டுவார்.

ஒருநாள் சித்தி அசந்த நேரத்தில் அவர் நடந்தே கடைக்குப் போய்விட்டார். ரெண்டாம் நாற்காலி ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் நான்கு பேர் காத்திருந்தார்கள். சித்தப்பா தன் நாற்காலியைத் துடைத்து, வெள்ளைத் துணியை உதறி, முதலில் இருந்த கொத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தார். கொத்தனார், "இல்ல, நான் அவரு கையிலயே வெட்டிக்கிறேன்" என்று உள்ளே கைகாட்டினார். அடுத்தவர் கணக்கு வாத்தியார். அவர் "பரவால்ல, நான் அப்புறமா வரேன்" என்று எழுந்தே போய்விட்டார். மற்ற இருவரும் தங்கள் ஃபோனைப் பார்த்தார்கள். சித்தப்பா துணியை நான்காக மடித்தார். பிரித்து எட்டாக மடித்தார். இதைப் புரிந்துகொள்ள அவருக்கு எந்த வார்த்தையும் தேவைப்படவில்லை.

ஒரு நாற்காலியை வைத்துக் கடை நடத்த முடியாது என்று அப்பா முடிவு செய்தார். வேறு ஒரு சலூனிலிருந்து ஓர் ஆளைப் பேசிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து முதல் நாற்காலி அந்த ஆளுக்கு. "அவன் வீட்ல நிம்மதியா இருக்கட்டும். பைத்தியம் இல்லங்கறது நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா? கையில கத்தியோட நின்னா எவன் கழுத்தைக் குடுப்பான்?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பத்தடிக் கடையில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதும் அப்பாவுக்குத் தெரியும். திங்கட்கிழமை புது ஆள் வந்து நின்றால், சித்தப்பா திரும்பிப் போக ஒரு இடம் இருக்காது.

சித்தி சண்டை போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கேட்டார். பார்வை சோதித்தார்கள், கை நடுக்கம் சோதித்தார்கள். வலிப்பு எதுவும் வந்ததில்லை. டாக்டர் சொன்னார்: "கத்தி பிடிக்கிற கைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா சவரம் பண்ணும்போது நிறுத்துங்கன்னு ஒருத்தர் சொன்னா, நிறுத்துவாரா? அதை நீங்கதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பார்க்கப் போனோம். சித்தி, அப்பா, நான், சித்தப்பா. ரெண்டாம் நாற்காலி நான்கு நாள் தாடியோடு முன்பே வந்திருந்தார். சித்தி தாடி வளர்க்கச் சொல்லியிருந்தாராம்.

"நடுவுல மூணு தடவை நிறுத்துங்கன்னு சொல்லுங்க. எப்பன்னு உங்க இஷ்டம்" என்றார் சித்தி.

"தொண்டையில கத்தி இருக்கும்போது பேசச் சொல்றீங்க, அண்ணி" என்றார் ரெண்டாம் நாற்காலி. ஆனாலும் உட்கார்ந்தார்.

சித்தப்பாவுக்கு இது சோதனை என்று தெரியாது. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் நாற்காலியில் ஒரு தலை உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரஷ்ஷால் நுரை தடவினார். புது பிளேடு மாட்டினார். இடது கட்டைவிரலைக் கன்னத்து எலும்பிலும் இரண்டு விரல்களைத் தாடைக்குக் கீழேயும் வைத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதல் இழுப்பு இழுத்தார். கூடவே பேச்சும் ஆரம்பித்தது. பாலத்துக்கும் கொலுப்பானுக்கும் தகராறு இன்னும் தீரவில்லை போலிருந்தது.

கன்னம் பாதி ஆனபோது ரெண்டாம் நாற்காலி "நிறுத்துங்க" என்றார். அதாவது, சொல்ல வாயெடுத்தார். 'நி' வெளியே வருவதற்குள் கத்தி தோலை விட்டு இரண்டு அங்குலம் மேலே நின்றது. சித்தப்பா புருவத்தைத் தூக்கி, என்ன என்பதுபோல் பார்த்தார்.

கழுத்துக்கு வந்தபோது இரண்டாவது தடவை. இந்த முறை ரெண்டாம் நாற்காலி பயத்தில் முதலில் எச்சில் விழுங்கினார். தொண்டை அசைவதற்குள் கத்தி காற்றில் இருந்தது. விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டாம் நாற்காலியை, அவர் பரம்பரையைச் சேர்த்து, தெளிவான தமிழில் திட்டினார். அதில் ஒரு வார்த்தைகூட இடம் மாறவில்லை.

அப்பா விடவில்லை. "அவன் வார்த்தை புரிஞ்சு நிறுத்தல."

"வார்த்தைக்கு முன்னாடியே நிறுத்துறாரு மாமா. உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?" என்றார் சித்தி.

ரெண்டாம் நாற்காலி முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "வாய் அசையப் போகுதுன்னா தாடை முன்னாடியே இறுகும்ணே. கீழ பிடிச்சிருக்கற விரல்ல தெரிஞ்சிரும். தும்மல், இருமல் எல்லாமே அப்படித்தான். வாடிக்கைக்காரன் சொல்லித்தான் நிறுத்தணும்னா, பாதி ஊருக்குக் காது இருக்காது."

"உன் தாடை பழகின தாடை" என்றார் அப்பா.

"அப்ப நீங்க உக்காருங்க" என்றார் சித்தி.

அப்பா தம்பியிடம் சவரம் செய்துகொண்டு பன்னிரண்டு வருஷம் இருக்கும். பேச்சுக்குப் பயந்து வீட்டிலேயே வழித்துக்கொள்வார். இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கவும் முடியவில்லை. உட்கார்ந்தார். சித்தப்பா துணியைக் கட்டி, நுரையைக் குழைத்தார். அப்பாவுக்குத் தடித்த மீசை. அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமென்று, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தம்பியின் முகத்தை நேராகப் பார்த்து, கத்தாமல், சின்னதாக, கையால் காட்டிச் சொன்னார்.

"இதுல கை வைக்காத." ஆள்காட்டி விரலால் மீசையை இரண்டு தடவை தொட்டும் காட்டினார்.

சித்தப்பா புரிந்தது என்று பலமாகத் தலையாட்டினார். மீசையில் நுரை தடவினார். எங்களுக்கு உறைப்பதற்குள், ஒரே இழுப்பில், மூக்கிலிருந்து வலது ஓரம் வரை வழித்துவிட்டார்.

அப்பா "ஏய்" என்று உறுமினார். உறுமல் வெளியே வருவதற்குள் கத்தி மேலே போய்விட்டது. ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் அரை மீசையோடு அப்பா இருந்தார்.

சித்தப்பா கத்தியைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, வேறு வழியில்லாமல், மிச்சப் பாதியையும் விரலால் காட்டினார். சித்தப்பா அதையும் எடுத்தார். படிகாரம் தடவி, துண்டால் ஒற்றி, நாற்காலியைத் திருப்பி வேலையைக் காட்டினார்.

சித்திதான் முதலில் சிரித்தது. பிறகு ரெண்டாம் நாற்காலி. பதினான்கு வருஷத்தில் அவர் சிரிக்கும் சத்தத்தை நான் கேட்டதில்லை. கொஞ்சம் இருமல் மாதிரி இருக்கும்.

"டேய், வேணும்னேதான பண்ண?" என்றார் அப்பா.

சித்தப்பா நிதானமாக ஒரு பதில் சொன்னார். "அண்ணே" என்பது மட்டும் புரிந்தது.

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்றார் சித்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவரு புரியாம செஞ்சிருந்தா, அவரு மேல நீங்க கோபப்பட முடியாது. விரலை வச்சுக் காட்டினது நீங்க. புரிஞ்சே செஞ்சிருந்தா, வாயை மோந்து பாத்ததுக்கும், ஊர் கூட்டிக் கத்தினதுக்கும், கடைக்கு வேற ஆள் பேசினதுக்கும் சேத்துச் செஞ்சிருக்காரு. அது தெளிவான மனுஷன் செய்யற வேலை. ரெண்டுல எதுன்னு பதிவு பண்ணட்டும்?"

அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலுதடு மற்ற முகத்தைவிட ரொம்ப வெளுப்பாக இருந்தது. தம்பியிடம் மீசையைப் பறிகொடுத்தவர் என்று பெயர் வாங்குவதா, தம்பிக்கு ஒன்றும் புரியாது என்று இன்னொரு தடவை சொல்வதா? டிப்போவில் நாளை காலை இந்த முகத்தோடு போய் நிற்க வேண்டும். நான் அவர் இரண்டாவதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

"புரிஞ்சுதான் பண்ணான்" என்றார் அப்பா. "எனக்கு என் தம்பியைத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்தே திருடன்."

பயிற்சி அம்மாவிடம் பிறகு இதைச் சொன்னேன். அந்த நேரத்தில் வார்த்தை அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது, விரல் காட்டியதுதான் சேர்ந்திருக்கும் என்றார். அதுதான் சரியாக இருக்க வேண்டும். ஆனால் அப்பாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவையும் கேட்டுப் பார்த்தேன், மேலுதட்டைக் காட்டி. ரொம்ப நேரம் பேசினார்.

துணியை அவிழ்த்துக்கொண்டு எழுந்த அப்பா அங்கேயே நின்று, மறுநாள் வர வேண்டிய ஆளுக்கு ஃபோன் செய்தார். ஒரு கையால் வாயை மூடிக்கொண்டே பேசினார்.

"நாளைக்கு வர வேண்டாம்ப்பா. ஆமா, ஆள் இருக்கு. அதே ஆள்தான். என்னது, அவனுக்குப் பேச்சு வராதா? உனக்கு யாரு சொன்னது?" என்றார். பின்னால் சித்தப்பா கத்தியைக் கழுவிக்கொண்டே ரெண்டாம் நாற்காலிக்கு எதையோ விவரித்துக்கொண்டிருந்தார். "அவன் வாயை மூட வைக்கத்தான் வழி தெரியல. இரு, வெளிய போய்ப் பேசறேன், இங்க நீ சொல்றது ஒண்ணும் கேக்கல."